ஐம்பதைத் தாண்டாத பைக்

"ஸ்பீடக் கூட்டித் தாரும்னுதானே அண்ணாச்சி வண்டிய விட்டேன்? அம்பதத் தாண்ட மாட்டேங்கு! ஆலங்குளத்துல தண்ணி லாரிகூட என்ன முந்திட்டுப் போவுது!"

மேலகரத்தில் ஸ்டான்லியின் வீட்டுக்குள் நின்று இசக்கிமணி கத்தினான். பைக் இன்ஜினில் இருக்கும் கம்ப்யூட்டரை லேப்டாப்போடு இணைத்து, வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ தருவது ஸ்டான்லியின் பக்கத்தொழில்.

பின்னால் நின்ற ஆனந்தவள்ளி மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் பாளையங்கோட்டையில் போலீஸ் வேலைக்கு ஓட்டப் பரீட்சை. புது வேகத்தை நம்பி, பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாகக் கிளம்பினான். போய்ச் சேருவதற்குள் மைதானத்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த தடவைக்கு அவனுக்கு வயது தாண்டிவிடும்.

"எம்புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று அவளும் ஒரு வார்த்தை சொன்னாள்.

ஸ்டான்லி தலையைக் குனிந்துகொண்டான். "லேப்டாப்புல மாத்திப் போட்டுட்டேன்லே. தப்பு எம்மேலதான்."

"ஒம்ம தப்பு எனக்குச் சோறு போடுமா?" இசக்கிமணி வண்டிச் சாவியை எறிந்துவிட்டு நடந்தே போய்விட்டான்.

அவன் தெருமுனை திரும்பியதும் ஸ்டான்லி மெதுவாகக் கேட்டான். "அம்பதுக்கு மேல ஓடாமப் பண்ணிருன்னு நேத்து வந்து கையெடுத்துக் கும்பிட்டியளேக்கா. அத எடுத்துரட்டுமா?"

ஆனந்தவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செலக்‌ஷன் முடியிற வரைக்கும் அவன் கை கால் ஒடையாம இருக்கணும்னுதான் கேட்டேன். முடிஞ்சிட்டுல்லா தம்பி, எடுத்துரு."