எறும்பு நுழையாத தொட்டில்

பேத்திக்காக மரத்தொட்டில் செய்தார் கிளாரன்ஸ். பலகை இடுக்கிலெல்லாம் பஞ்சைத் திணித்து, மேலே எண்ணெய் பூசினார்.

"கடையில ஒண்ணு வாங்குனா முடிஞ்சுபோச்சு," என்றாள் மனைவி பிரிசில்லா.

"கடைத்தொட்டில்ல இடுக்கு இருக்கும். இதுல எறும்புகூட நுழையாது."

மறுநாள் காலையில் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினார்கள். மதியத்துக்குள் அது வீறிட்டு அழுதது. பிரிசில்லா பிள்ளையைத் தூக்கிவிட்டு மெத்தையைப் புரட்டினாள். அடியில் மூத்திரம் குளமாகத் தேங்கி நின்றது.

"ஒரு சொட்டுகூடக் கீழ இறங்கல. அடியில நாலு ஓட்டை போடுங்க."

கிளாரன்ஸ் டிரில் மெஷினைக் கொண்டுவந்து அடிப்பலகையில் வைத்தார். அப்படியே நின்றார்.

"என்ன யோசனை? போடுங்க."

"முப்பது வருசமா படகு கட்டுறேன், பிரிசி. அடிப்பலகையில ஓட்டை போடக் கை வரமாட்டேங்குது."