எட்டாவது கேள்வி

நாய்க் காப்பகம் கொடுத்த படிவத்தின் எட்டாவது கேள்வியில் அவள் பேனா நின்றுவிட்டது. 'தினமும் இரண்டு மணி நேரம் நாயை ஓடவிடப்போவது யார்?' ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று காப்பகத்தில் கொடுத்தனுப்பிய பாக்ஸர் நாய், சப்பை மூக்கால் அவள் முழங்கையை முட்டுகிறது. தொங்கும் உதட்டிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மேசை விளிம்பில் சொட்டுகிறது. மாலை வெயிலில் அதன் பழுப்பு முதுகு பளபளக்கிறது. அது கடித்துக் குதறிய சோபாவில் பஞ்சு பிதுங்கி நிற்க, நாய் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்ற தம்பி அந்தச் சோபாவிலேயே படுத்துப் போனைத் தேய்க்கிறான்.

"உன் பேரையே போட்டுடுக்கா. ஏழு நாளா நீதானே கூட்டிட்டுப் போற."

"வேலைக்குப் போயிட்டு வந்து நான் ஓடணும், நீ படுத்துக்கிட்டே அது போட்டோவைப் போட்டு லைக் வாங்குவியா?"

"நாய் நம்ம வீட்டுக்கு ஒத்துவருமான்னுதானே கேக்குறாங்க? வரும்னு எழுதிக் குடும்மா, வேலை முடிஞ்சுது," என்கிறார் அப்பா. இந்த வீட்டில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். எந்தப் படிவம் வந்தாலும் அவள் தலையில்தான் விடிகிறது.

'யாருமில்லை' என்று அழுத்தி எழுதுகிறாள். காகிதத்தின் மறுபக்கம் எழுத்து புடைக்கிறது. நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கே நாய் இடுப்போடு சேர்த்துக் கட்டைவாலை ஆட்டியபடி கதவுப்பக்கம் ஓடி, சங்கிலியைக் கவ்விக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்கிறது. தம்பி தலையைத் தூக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, ஷூ நாடாவை இறுக்குகிறாள்.