தனி மெஷின்

"பயாஸை மட்டும் நம்பி உள்ள விடக்கூடாது மாமா. மொத்தத்தையும் கவுத்திடும்," என்றான் சின்ன மாப்பிள்ளை.

மாமனார் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது. தான் பேசும்போது இந்த மனுஷன் ஒருநாளாவது நாற்காலியை இழுத்திருப்பாரா?

ஆஸ்பத்திரிகளில் கிடக்கும் பழைய ஸ்கேன் மெஷின்களுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதித் தருவது மாமனாரின் கம்பெனி. அந்த சிஸ்டத்தின் மையம்தான் கெர்னல். அந்த மெஷின்களில் திரையை எரியவைக்கும் வித்தை, தயாரித்த அன்றே சிப்பில் எழுதி வைத்த பயாஸ் என்ற புரோகிராமுக்கு மட்டும்தான் தெரியும்.

"அதைக் கூப்பிடாமலும் முடியாது," என்று தொடர்ந்தான் சின்ன மாப்பிள்ளை. "கூப்பிட்டா, மெஷினே தன்னோடதுன்னு நினைச்சுக்கிட்டு டிஸ்க், மெமரின்னு கண்ட இடத்துல கை வைக்கும். அதான், கெர்னலுக்குள்ளயே பொய்யா ஒரு மெஷின் செஞ்சு அதுல ஓட விடுறோம். அது எதைக் கேட்டாலும் தலையாட்டுவோம். செய்றதுல நல்லதை மட்டும் நிஜ மெஷினுக்கு அனுப்புவோம்."

"அதுக்குத் தெரியாதா?"

"தெரியவே தெரியாது மாமா. தான்தான் ராஜான்னு நினைச்சுக்கிட்டிருக்கும், பாவம்!"

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜையில் மூத்த மகளும் சிரித்தாள். ஆபீஸ் மெஷின்களையெல்லாம் பார்த்துக்கொள்பவள் அவள்தான். கட்டின பெண்டாட்டியே சகலையின் பேச்சுக்குச் சிரிக்கிறாள்!

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. இது மட்டும் ஓடிடுச்சுன்னா, இனிமே கெர்னல் பொறுப்பு முழுக்க சின்ன மாப்பிள்ளைக்குத்தான்," என்றார் மாமனார்.

நேற்று வந்த பயலுக்கா? இத்தனைக்கும் அவன் எழுதுவதில், சரிபார்ப்பவர்கள் ஆயிரம் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். பெரிய மாப்பிள்ளை எழுதி அனுப்பினால் அடுத்த நொடியே 'ஏற்கப்பட்டது' என்று வந்துவிடும். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

சகலை வந்த புதிதில் அவனுடைய வேலை ஒன்று 'கை தவறி' அழிந்துபோனது உண்மைதான். அது யாருடைய கை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பெரிய மாப்பிள்ளை தன் சீட்டில் உட்கார்ந்து சகலை எழுதிய புரோகிராமைத் திறந்தார். பயாஸ் டிஸ்க்கில் கை வைக்காமல் தடுக்கும் வரியைத் தேடிப் பிடித்து அழித்தார். அனுப்பினார். 'ஏற்கப்பட்டது.'

"என்னங்க, சாப்பிட வரலியா?" வாசலில் மனைவி.

"வேணாம். எனக்கு இப்பவே வயிறு நிறைஞ்சு போச்சு."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் சூழ்ந்து நிற்க, சகலை பட்டனை அழுத்தினான். இதோ செத்தது, இதோ செத்தது என்று பெரிய மாப்பிள்ளை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை பளிச்சென்று எரிந்தது. டிஸ்க்குக்கு ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மாமனார் சின்ன மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பெரிய மாப்பிள்ளை தன் சீட்டுக்கு ஓடிப்போய் அந்த புரோகிராமைத் திறந்து பார்த்தார். அழித்த வரி அழிந்தேதான் இருந்தது. பிறகு எப்படி?

"அங்க அழிஞ்சுதாங்க இருக்கும்," என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

அவர் சட்டென்று திரையை மறைத்துக்கொண்டார். "உனக்கு... எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு அவரோட வேலையை நீங்க அழிச்சப்பவே தெரியும். அப்பாகிட்ட சொன்னா உங்களை வெளிய அனுப்பிடுவாரு. எனக்கு மனசு கேக்கல." அவர் தோளில் மெதுவாகக் கை வைத்தாள். "அதான், உங்க சீட்டுக்குன்னு பொய்யா ஒரு மெஷின் செஞ்சு வெச்சேன். நீங்க எழுதுறதுல நல்லதை மட்டும் எடுத்து நிஜத்துக்கு அனுப்பிடுவேன். அதைப் பார்த்துத்தான் தங்கச்சி வீட்டுக்காரர் பயாஸுக்கும் ஒண்ணு செஞ்சாரு."