முனைவர் மண்புழுவின் ஆய்வுரை

பறவைகள் நடத்தும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க முனைவர் மண்புழுவுக்கு அழைப்பு வந்தது. பதினைந்து நிமிடம்தான் நேரம். ஒரு வாரமாக நத்தையின் முன்னால் பேசிப் பழகியும் பதினெட்டுக்குக் குறையவில்லை.

"மேடையில இருக்கிறவங்களுக்கு வணக்கம் சொல்லவே நாலு நிமிஷம் ஆகுது சார்" என்றது நத்தை. "கொக்கு, மைனா, செம்போத்துன்னு ஒவ்வொருத்தரையா சொல்லணுமா?"

"ஒருத்தரை விட்டாலும் கோவிச்சுக்குவாங்க. முன்னுரையைக் குறைச்சுக்கிறேன்."

அன்று மாலை நிகழ்ச்சி நிரல் வந்தது. அதில் மண்புழுவின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு, "ஆய்வுரை: முனைவர் மண்புழு." ஒரு மணிக்கு, "மதிய உணவு: மண்புழு."

நத்தை அதை இரண்டு தடவை படித்தது. "நீங்க போய்த்தான் ஆகணுமா சார்?"

மண்புழுவுக்கும் மனசு சரியில்லை. அமைப்பாளரான கொக்குக்கு உடனே கடிதம் எழுதியது: இரண்டாவது இடத்தில் "முனைவர்" விட்டுப்போயிருக்கிறது.

மறுநாளே கொக்கு வருத்தம் தெரிவித்து, திருத்திய நிரலை அனுப்பியது.

"பாத்தீங்களா, எடுத்துச் சொன்னா கேக்கிறாங்க" என்றது மண்புழு. "இனி அந்த மூணு நிமிஷத்தைத்தான் குறைக்கணும். ஒரு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூடத் தர மாட்டாங்களாம்."