கம்பி கட்டிய கை

மேஸ்திரிக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. இந்தக் குட்டி நிலவில் எல்லாமே கனம் குறைவு என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர் ஒருநாளும் குண்டு இறக்கியிருக்கமாட்டார்.

அவளும் அவள் ஆட்களும் இறக்கிய குண்டு, தள்ளுவண்டியில் போர்வை போர்த்திய நோயாளி மாதிரி கிடந்தது. அதைச் சுமந்து வந்த எதிரி விண்கலத்தின் பைலட், சரக்குக் கொட்டகையின் நடுவில் கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது கட்டைவிரல் இரண்டு பங்காக வீங்கி, நகம் கறுத்திருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருகிறவனை வைத்துக்கொள்வதா, வந்த வண்டியிலேயே ஏற்றித் திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது இங்கே அதிகாரிகள் இல்லை. சரக்கு இறக்குகிறவர்கள்தான். நாளையிலிருந்து அவன் அவர்களோடுதான் சுமை தூக்கவேண்டும், அவர்களுக்கு நடுவில்தான் படுக்கவேண்டும். குண்டைப் போடாமல் திரும்புகிறவனை அங்கே சுட்டுவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"குண்டு மாட்டியிருந்த கொக்கியில கட்டுக்கம்பி சுத்தியிருந்துச்சே, யார் வேலை அது?" என்று கேட்டாள் மேஸ்திரி. அதை வெட்டி எடுப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"நான்தான் கட்டினேன்" என்றான் பைலட். "கை தவறிக்கூட உங்க கூரை மேல விழுந்துடக் கூடாதுன்னு."

"விரலு?"

அவன் ஒரு கணம் விரலைப் பார்த்தான். "கம்பியை முறுக்கினப்போ ஆனது."

அந்தக் கூரைக்குக் கீழேதான் பள்ளிக்கூடம். கூரை உடைந்தால் காற்று போய்விடும். காற்று போனால் உள்ளே ஒரு பிள்ளை மிஞ்சாது. குண்டோடு இவன் தலைக்கு மேல் வட்டமடித்த நேரத்தில் மேஸ்திரியின் மகள் அங்கே வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஆட்களில் ஒருவனான வெல்டருக்கு மனசு இறங்கவில்லை. "போன மாசம் இவனுங்க போட்ட குண்டுலதான் என் மச்சான் போனான். இன்னைக்கு ஒரு கம்பியைக் காட்டினதும் பச்சைப்புள்ளை ஆயிட்டானா?"

"உசுரோட இருந்தப்போ அந்த மச்சான்கிட்ட நீ பேசினதே இல்லையேடா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

பைலட் தலையைத் தூக்கினான். "நான் இதை ரேடியோவுல சொல்லணும். எங்க ஆளுங்க காதுல விழற மாதிரி. இப்பவே."

"பாத்தியாக்கா! ஐயாவுக்கு விளம்பரம் கேக்குது" என்றான் வெல்டர்.

மேஸ்திரிக்கும் அது பிடிக்கவில்லைதான். நல்லது செய்தவன் சும்மா இருக்கமாட்டானா, எதற்கு இந்தத் தம்பட்டம்? ஆனாலும் ரேடியோக்காரர் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்.

பைலட் தன் பட்டாள எண்ணைச் சொன்னான். "கொக்கியில கம்பி கட்டினது நான். நான் மட்டும்தான். வேற யாருக்கும் தெரியாது." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ரேடியோக்காரர் மைக்கைப் பிடுங்கவேண்டியதாயிற்று.

அவனை வைத்துக்கொள்ளலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது பாதிக்குப் பாதி வந்தது. இனி மேஸ்திரி சொல்வதுதான் தீர்ப்பு.

"முதல்ல விரலுக்கு மருந்து போடுறேன். அப்புறம் சொல்றேன்." இடுப்பைப் பிடித்துக்கொண்டே அவனைக் கருவி அறைக்குள் கூட்டிப்போனாள். என்ன சொல்வது என்று அவள் மனசுக்குள் முடிவாகிவிட்டிருந்தது.

அறையில் கிரீஸ் வாடை. ஒரு கவிழ்த்த வாளியில் அவனை உட்காரவைத்து, அந்தக் கட்டைவிரலைத் தன் காய்ப்பேறிய உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். களிம்பு பட்டதும் அவன் பல்லைக் கடித்தான்.

"பொறுத்துக்க தம்பி. என் மக உசுரு, இந்த விரலுக்கு நான் பட்ட கடன். அதை எப்படி அடைக்கப்போறேனோ, தெரியல."

அவன் வாசல் பக்கம் பார்த்தான். "ரேடியோவுல சொன்னது அங்க கேட்டிருக்குமாக்கா?"

"கேக்காமலா? நம்ம ஆளு இருமினாக்கூட அவங்களுக்குக் கேக்கும்."

அவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்ததுபோல் இருந்தது. "அப்போ குண்டு ஏத்துறவங்களை ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

களிம்பு தடவிய கை நின்றது. அங்கேயும் தன்னைப்போல இடுப்பு வலியோடு ஒரு கூட்டம் குண்டு ஏற்றிக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"அவங்களை எதுக்குப் பண்ணணும்?"

அவன் விரலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"என்னக்கா, ஆளு நல்லவனா இல்லையா?" வெளியிலிருந்து வெல்டர் கத்தினான். "சட்டுபுட்டுன்னு சொல்லு, காலு கடுக்குது!"

மேஸ்திரி விரலை விடவில்லை. வெளியே கேட்காத குரலில், "அப்போ இது எப்படி வீங்குச்சு?" என்றாள்.

"குண்டு விழணும்னு பட்டனை அமுக்கி அமுக்கி வீங்கினதுக்கா" என்றான் பைலட். "உங்க மக உசுருக்கு நீங்க பட்ட கடன், அங்க கம்பி கட்டின யாருக்கோ."