கயிறு கட்டிய துப்பாக்கி

திருவொற்றியூர்த் திருவிழாவில் வெயில் சாய்கிறது. ஜாபரின் துப்பாக்கி சுடும் கடையில் மணல் மூட்டைகளுக்கு முன்னால், குறிபார்த்துச் சுட அகல்கள் வரிசையாக நிற்கின்றன. காற்றுத் துப்பாக்கியின் குழலை ஒரு கயிறு கம்பத்தோடு பிணைத்திருக்கிறது. "இன்னா மாமு, துப்பாக்கி ஓடிப்பூடுமா?" என்று சிரித்தபடி அதைத் தோளில் சாய்க்கிறாள் காத்திவாக்கத்து மலர்க்கொடி. "மொதல்ல சுடும்மா, பொறவு சிரி" என்கிறான் ஜாபர். அவள் ஒரு கண்ணை மூடி, விசையில் விரல் வைக்கிறாள். "யக்கா!" என்று பின்னாலிருந்து தங்கை அம்மு கூவுகிறாள். கரைவலை இழுத்துப் பழகியவளுக்குக் குரல் கேட்டால் கையிலிருப்பதோடு உடம்பே திரும்பும். திரும்புகிறாள். குழல் அம்முவை எட்டுமுன் கயிறு வெடுக்கென்று விறைக்கிறது. விசை அழுந்தி, குண்டு மணல் மூட்டைக்குள் புதைகிறது. அம்முவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்ப நானு, நானு!" என்று குதிக்கிறாள். மலர்க்கொடி துப்பாக்கியைக் கீழே வைக்கிறாள். ஜாபரின் முடிச்சை அவிழ்த்து, கட்டுமரம் கட்டும் முடிச்சாகப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் தங்கைக்கு வழிவிடுகிறாள்.