இரண்டாவது ஆள்

அவள் செத்துக் கிடந்தாள்.

கொன்றது நான்தான். டீயில் நனைத்த ரஸ்க் உடைந்து விசைப்பலகையில் விழுந்தது. துடைக்கப் போனவன் கேடயத்தை இறக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். டிராகன் என்னைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற என் தங்கையின் மேல் நெருப்பைத் துப்பியது.

"ரஸ்க்கா?" என்றாள், ஹெட்போனில்.

"இல்ல, கை வழுக்கிட்டு" என்றேன், மென்றுகொண்டே.

அவள் தூத்துக்குடியில். நான் ராட்டர்டாமில். ஞாயிற்றுக்கிழமை அங்கே அப்பா மதியம் தூங்கும் நேரம், இங்கே எனக்குக் காலை. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் நாங்கள் அண்ணன் தங்கை.

இந்த இணைய விளையாட்டில் ஏழு வருடமாக நான் மாவீரன். ஆறரை அடி. தொப்பை கிடையாது.

அவள் வைத்தியச்சி. பின்னால் நின்று என் காயங்களை ஆற்றுவாள். பெயர் பனித்துளி. பெயரும் நான் வைத்ததுதான்.

செத்தவர்களை எழுப்பத் தெரிந்தவள் எங்களில் அவள் ஒருத்திதான். அவளே செத்தால் எழுப்ப ஆளில்லை.

"விடு, இதோட போதும். புதுத் தீவுக்குப் போவோம்" என்றேன்.

அந்த வாரம்தான் திறந்திருந்தார்கள். மாவீரன், பனித்துளி போன்ற பழைய ஆட்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆளுக்கொரு இரண்டாவது ஆளை உருவாக்கி, அதற்கொரு வேலையும் கொடுத்து, ஒன்றாம் நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

"நான் கோடரிக்காரன். நீ வழக்கம்போல வைத்தியம். ஒனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."



இதே வாக்கியத்தை முன்பும் ஒருமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பதினாறாம் நாள், சாப்பிட்ட இலையை மூடுவதற்கு முன்னால். அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்கிற பேச்சு இரண்டு நிமிடம்கூட நீளவில்லை.

பதினேழாம் நாள் எனக்கு விமானம்.

இப்போது மதுரைக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு வேலை வந்திருந்தது. ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போறியா?

பாப்போம்ணே.

அப்பா எப்படி இருக்காங்க?

இருக்காங்கண்ணே.

முதல் கேள்வியைக் கேட்கும்போது என் குரல் தானாகக் கொஞ்சம் இறங்கிவிடும். போகவில்லை என்று சொல்ல அவளுக்கு வசதியாக.

"என்னட்டி, பேச்சையே காணும்?"

"அண்ணே, அந்த டிராகனுக்குக் கண்ணு என்ன நெறம்?"

"மஞ்சள். எடது கண்ணுல ஒரு தழும்பு. நூறு தடவ பாத்திருப்பியே."

"நான் பாத்ததே இல்ல."

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு இருக்கும். அதுதான் என் உயிர். அடிபட அடிபடக் குறையும். குறையக் குறைய அவள் நிரப்புவாள்.

"அந்தக் கோட்டவிட்டுக் கண்ண எடுத்தா நீ செத்துருவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். அதில் ரஸ்க்கைத்தான் போட்டேன்.

திரையில் அவளுடைய இரண்டாவது ஆள் வந்து நின்றாள். என் மாவீரனைவிட ஒரு பிடி உயரம். தோளில் சம்மட்டி.

வேலை: முன்வரிசை.

பெயர்: உலக்கை.

"அப்ப வைத்தியம் யாரு?"

"இருண்ணே, அப்பா முழிச்சிட்டாங்க."

ஹெட்போனைக் கழற்றி வைக்கும் சத்தம். வழக்கமாக மைக்கை அணைத்துவிட்டுத்தான் எழுந்து போவாள்.

இன்று மறந்திருக்கலாம்.

கட்டில் கிறீச்சிட்டது. தண்ணீர் ஊற்றுகிற ஓசை.

"யாரு?" அப்பாவின் குரல்.

"நாந்தாம்ப்பா."

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்.

"யாரு?"

"நாந்தாம்ப்பா."

எத்தனை முறை கேட்கிறார் என்று எண்ணினேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எண்ணத் தோன்றவில்லை.

திரையில் என் இரண்டாவது ஆளுக்கான கட்டம் காலியாக இருந்தது. கோடரிக்காரன் தொப்பையில்லாமல் காத்துக்கொண்டிருந்தான். அம்புக்குறியை அவன் மேலிருந்து எடுத்து, கடைசியில் இருந்த வைத்தியனிடம் கொண்டுபோனேன். வெள்ளை அங்கி, கையில் ஒரு குச்சி. முகம் பரவாயில்லை, கொஞ்சம் பயந்தாற்போல் இருந்தது.

அழுத்தினேன்.

பெயர் கேட்டது. பனித்துளி என்று தட்டினேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்றது.

அவள் திரும்பி வந்திருந்தாள். மூச்சு கேட்டது. திரையைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏண்ணே, ஒனக்கு இது வராதுல்லா?"

"வராது."

அவளுடைய ஆள் சம்மட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் ஜூனுக்கு வந்துட்டா, காலைல அப்பாவுக்கு எத்தன மாத்திர?"

அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம்.   

"நாலு" என்றாள். "வெள்ள மாத்திரைய மட்டும் ரெண்டா ஒடச்சுக் குடு, முழுசா முழுங்க மாட்டாங்க. யாருன்னு கேட்டா ஒம்பேரச் சொல்லு. கேக்கும்போதெல்லாம் சொல்லு."